ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் திடீரென்று மக்கர் பண்ணினால்: வோல்டேஜை ஏற்றுவதா, வேகத்தை இறக்குவதா, பாகத்தை மாற்றுவதா?

மே மாதம், மத்தியானம் மூன்று மணி. காலடிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். “அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடினு இருந்துச்சு. இன்னைக்கு எக்ஸ்போர்ட் போட்டா பாதியில ப்ளூ ஸ்க்ரீன் வருது. ரெண்டு தபா ஆயிடுச்சுண்ணா. வோல்டேஜ் கொஞ்சம் ஏத்தி உட்டா சரியாயிடுமா?”

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்து ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறவன் அவன். அந்த மெஷினை 2020 ஜனவரியில் அசெம்பிள் செய்து, ஓவர்கிளாக்கும் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செட் பண்ணிக் கொடுத்தது நான்தான். கோர் ஐ5 9600கே ப்ராசஸர், இசட்390 போர்டு, 16 ஜிபி ராம், 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை), ஒற்றை ஃபேன் வைத்த டவர் கூலர். ஆறு கோரும் 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.30 வோல்ட். ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு தடவைகூட மக்கர் பண்ணாமல் ஓடியது. அவன் சாப்பாடு அதில்தான் இருக்கிறது என்பதால் போனில் வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் கிளம்பிப் போனேன்.

இப்படி ஒரு நிலையில் கையில் இருக்கிற வழிகள் சில. வோல்டேஜை ஏற்றி அதே வேகத்தைப் பிடித்து வைக்கலாம். வேகத்தை ஒன்றிரண்டு படி இறக்கலாம். ஓவர்கிளாக்கையே எடுத்துவிட்டு கம்பெனி செட்டிங்கில் ஓட்டலாம். தூசு தட்டி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவுகிற பேஸ்ட்டை மாற்றி, தேவைப்பட்டால் எஸ்.எம்.பி.எஸ்ஸையோ ராமையோ மாற்றலாம். இல்லாவிட்டால் புது மெஷின். காசு செலவில்லாமல் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை என்பதால் நிறையப் பேர் வோல்டேஜிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பழைய மெஷினுக்கு அந்த வழியை நான் கடைசியில்கூட வைக்க மாட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தடுமாறுகிற மெஷினில் கிராஷ் ஆவது சின்ன நஷ்டம்தான். கிராஷ் ஆகாமல், ராமில் ஒரு பிட் தப்பாகி, அந்தத் தப்போடு ஃபைல் டிஸ்கில் எழுதப்படுவதுதான் பெரிய நஷ்டம். அது அந்த நேரத்தில் தெரியவே தெரியாது. யாரோ ஒரு பெண்ணின் தாலி கட்டும் காட்சி அந்த டிஸ்கில் இருக்கிறது, மறுபடி எடுக்க முடியாது. அதனால் முதலில் ஃபுட்டேஜ் டிஸ்கைக் கழற்றி, வேறொரு லேப்டாப்பில் போட்டு காப்பி எடுத்தோம். அந்த டிஸ்க் இல்லாமல்தான் மற்ற எல்லா சோதனையும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் பயாஸ், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற போர்டின் செட்டிங் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்தேன். போட்டோ ஏன் என்றால், டிஃபால்ட் போட்டதும் டிஸ்க் மோடு, பூட் மோடு எல்லாம் மாறி விண்டோஸ் ஏறாமல் நிற்கலாம். திரும்ப ஓவர்கிளாக் போடும்போது மூன்று எண்களை மட்டும் ஞாபகத்திலிருந்து போட்டுவிட்டு லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்காமல் பிடிக்கிற லோடு லைன் காலிபரேஷனை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அது மாறினால் பயாஸில் அதே 1.30 இருந்தாலும், லோடு ஏறும்போது ப்ராசஸருக்குக் கிடைப்பது 1.25ஆகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். பயாஸ் அப்டேட் செய்த மறுநாள் தடுமாற ஆரம்பித்த மெஷின் என்றால் முதலில் இங்கேதான் பார்ப்பேன்.

டிஃபால்ட்டில் இரண்டு நாள் ஓட்டச் சொன்னேன். வழக்கமான எக்ஸ்போர்ட், வழக்கமான நேரம், அதே மத்தியான வெயில். இதைத் தோல்வி மாதிரி எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதைவிட மதிப்பான சோதனை வேறு கிடையாது, ஏனென்றால் வழி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. டிஃபால்ட்டிலும் நின்றால் ஓவர்கிளாக் குற்றவாளி இல்லை, ராம், எஸ்.எம்.பி.எஸ், டிஸ்க், டிரைவர் என்று தேட வேண்டும். டிஃபால்ட்டில் நிற்காமல் ஓடினால், முன்பு இருந்த இடைவெளி எங்கோ குறைந்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: ராமின் எக்ஸ்.எம்.பியும் (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஓவர்கிளாக்தான். 9600கேவுக்கு இன்டெல் சொல்கிற ராம் வேகம் 2666. இவன் ஓட்டியது 3200, அதுவும் 1.2க்குப் பதில் 1.35 வோல்ட்டில். ஆகவே எல்லாம் டிஃபால்ட்டில் இரண்டு நாள், பிறகு எக்ஸ்.எம்.பி மட்டும் ஒரு நாள், பிறகு ப்ராசஸர் ஓவர்கிளாக் மட்டும் ஒரு நாள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

ப்ளூ ஸ்க்ரீனில் வந்த பிழை எண்ணும் கொஞ்சம் பேசும். அவனுக்கு வந்தது 124. ஹார்டுவேரே புகார் சொல்கிற பிழை அது. ஓவர்கிளாக் செய்த மெஷினில் பெரும்பாலும் ப்ராசஸருக்கு வோல்டேஜ் பற்றவில்லை அல்லது சூடு அதிகம் என்று பொருள். 101 வந்தாலும் ஏறக்குறைய அதே கதை. 1ஏ, 50 வந்தால் ராம் மேல் சந்தேகம் போகும். ப்ளூ ஸ்க்ரீனே இல்லாமல் சட்டென்று கருப்பாகி ரீஸ்டார்ட் ஆனால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒன்று இருக்கும். ‘பவர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ் வாங்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்லவில்லை. ப்ளூ ஸ்க்ரீனுக்குப் பிறகும் அதே வரிதான் பதிவாகும்.

இரண்டு நாளும் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எக்ஸ்.எம்.பி மட்டும் போட்ட மூன்றாம் நாளும் சுத்தம். சரி, ப்ராசஸர் ஓவர்கிளாக்தான் என்று தெரிந்தது. ஐந்து வருஷம் ஓடியது இப்போது ஏன் ஓடவில்லை?

கேபினெட்டைத் திறந்தேன். கூலரின் ஃபேனைக் கழற்றியபோது, அதற்குப் பின்னால் அலுமினியத் தகடுகளின் முகத்தில் ஒரு துணி போர்த்தினது மாதிரி இருந்தது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அப்படியே ஒரே படலமாக உரிந்து வந்தது, கிழியவில்லை. சாம்பலும் கருப்பும் கலந்த நிறம், கையில் லேசாகப் பிசுபிசுத்தது. காலடிப்பேட்டையில் ஒரு பக்கம் கடற்காற்று, இன்னொரு பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பகலாகக் கன்டெய்னர் லாரி. உப்பு ஈரமும் லாரிப் புகையும் சேர்ந்த தூசு உதிராது, ஒட்டும். ப்ளோயர் அடித்தால் மேல் தூசு போகும், இந்தப் படலம் அசையாது. ராமைக் கழற்றிப் பார்த்தால் தங்கநிறக் காண்டாக்ட்டுகளில் இரண்டு மூன்று இடத்தில் மங்கல். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் மாட்டினேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் இருக்கிற எந்த வீட்டிலும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஃபேனைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2020 ஜனவரியில் நான் செட் பண்ணியது ராத்திரி, அறை 26 டிகிரி. முழு லோடில் ப்ராசஸர் 76 டிகிரி காட்டியது. கூலரால் அறைக் காற்றைவிடக் கீழே இறக்க முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கிற அவன் அறையில் மே மாதம் மூன்று மணிக்கு 37. தூசுப் படலமும் காய்ந்த பேஸ்ட்டும் சேர்ந்து லோடில் 95 ஆகியிருந்தது. “நூறு வந்தாத்தானேண்ணா த்ராட்டில் ஆகும்?” என்றான். சரிதான், 9600கே 100 டிகிரியில்தான் தானாக வேகத்தைக் குறைக்கும். ஆனால் 1.30 வோல்ட் 4.8க்குப் போதும் என்று நான் முடிவு செய்தது 76 டிகிரியில். சூடு ஏறினால் அதே வேகத்துக்கு ட்ரான்சிஸ்டர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். நான் மார்கழிக் குளிரில் அளந்து வைத்த விளிம்பில் கத்திரி வெயில் வந்து நின்றது. அன்றைக்கே ஒரு படி குறைத்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

துடைத்து, பேஸ்ட் மாற்றி, ஃபேனை மாட்டினோம். சில நூறு ரூபாய் பேஸ்ட், ஒரு மணி நேரம். அதே 37 டிகிரி அறையில், அதே 4.8இல் 95 இருந்தது 87 ஆனது. எட்டு டிகிரி. காசுக்குக் கிடைக்கிற பலனில் இதை எதுவும் மிஞ்சாது. நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் கிராஷ் இல்லை, ஆனால் ஈவன்ட் வியூவரில் டபிள்யூ.ஹெச்.இ.ஏ லாகர் 19 என்று ஒரு வரி. ப்ராசஸர் உள்ளே ஒரு பிழை வந்து, தானே திருத்திக்கொண்டது என்று பொருள். திருத்த முடியாத நாள் கிட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

வோல்டேஜ் கேள்வி இங்கேதான் திரும்ப வந்தது. 1.30ஐ 1.35 ஆக்கினால் அந்தப் பிழை போய்விடும், அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 1.35ஐ 1.30ஆல் வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் சூடு. கூலர் அதேதான், அறையும் அதேதான். அந்தச் சூடு மறுபடி வோல்டேஜ் கேட்கும். அது தவிர வயசு. சிப்புக்குள் மின்னோட்டம் உலோகக் கம்பியின் அணுக்களையே மெல்ல நகர்த்துகிறது, எலக்ட்ரோமைக்ரேஷன் என்பார்கள். மின்னோட்ட அடர்த்தியும் வெப்பமும் கூடினால் ஆயுள் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் 1969லேயே ஒரு சமன்பாடு எழுதினார். ட்ரான்சிஸ்டர்களும் வோல்டேஜ் அழுத்தத்தில் மெல்லத் தளர்கின்றன. விளைவு ஒன்றுதான்: அதே வேகத்துக்கு முன்பைவிட அதிக வோல்டேஜ் தேவைப்படும்.

இது ஏட்டுக் கதை இல்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், ஓவர்கிளாக் செய்யாதவற்றில்கூட, அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய் இதே தளர்ச்சி வந்தது. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். திருத்தம் மேற்கொண்டு கெடாமல் தடுத்தது. ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யவில்லை. உங்களுடையது அந்தத் தலைமுறை என்றால் ஓவர்கிளாக்கைத் தொடுவதற்கு முன்னால் பயாஸ் அப்டேட், அதிலும் தடுமாறினால் நேரே வாரண்டி.

புது மெஷினில், முதல் வாரத்தில், 1.20லிருந்து 1.25க்குப் போவது வேறு. ஐந்து வருஷம் ஓடிய சிப் திடீரென்று இன்னும் கேட்கும்போது கொடுப்பது வேறு. இன்றைக்கு 1.35 கொடுத்தால் அடுத்த கோடையில் 1.40 கேட்கும். பிழைப்பு நடத்துகிற மெஷினுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

அப்படியானால் வேகத்தை இறக்குவதில் எவ்வளவு நஷ்டம்? இதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை, போட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். டிஃபால்ட்டில் 9600கே ஆறு கோரும் ஓடும்போது 4.3 கிகாஹெர்ட்ஸ். 4.8இல் ஒரு மணி நேரம் எடுக்கிற எக்ஸ்போர்ட், 4.3இல் அதிகபட்சம் 67 நிமிஷம். 4.6இல் 62½ நிமிஷம். எக்ஸ்போர்ட்டைக் கிராபிக்ஸ் கார்டின் என்கோடரில் போடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசமும் பெரிய அளவு தெரியாது. இன்னொரு பக்கம், 4.6ஐ 1.24 வோல்ட்டில் ஓட்ட முடிந்தது. வோல்டேஜ் வர்க்கமும் வேகமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 4.8ஐவிட 13 சதவீதம் குறைந்த மின்சாரம். லோடில் 80 டிகிரி. இரண்டரை நிமிஷத்துக்கு ஏழு டிகிரி. பாதியில் நிற்கிற ஒரு எக்ஸ்போர்ட் மொத்த நாளையும் தின்றுவிடுகிறது என்பதை வைத்துப் பார்த்தால், இந்த வியாபாரத்தில் எனக்கு யோசிக்கவே எதுவும் இல்லை.

முழுக்க டிஃபால்ட் போட்டிருக்கலாமே என்றால், போட்டிருக்கலாம். போர்டு தானாக 1.15 அளவில் கொடுத்தது, மின்சாரம் 30 சதவீதம் குறைவு. மெஷினைத் திறந்து பார்க்கத் தெரியாதவர், அல்லது பயாஸ் பக்கமே போக விரும்பாதவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கலாம். இந்தத் தம்பி லாகைப் பார்க்கிறான், தூசு தட்டுகிறான், அதனால் 4.6. எடிட்டிங் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்போர்ட்டில் மட்டும் நிற்கிறது, மற்றபடி நன்றாக ஓடுகிறது என்றால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. வீடியோ என்கோடர்கள் பயன்படுத்தும் ஏ.வி.எக்ஸ் கட்டளைகள்தான் ப்ராசஸரை அதிகம் சூடாக்கும். பயாஸில் ஏ.வி.எக்ஸ் ஆஃப்செட் 2 என்று வைத்தால் அந்த வேலைக்கு மட்டும் வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் இறங்கும்.

எஸ்.எம்.பி.எஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் வடசென்னையில் சூடும் கரண்டும் ஒரே நேரத்தில்தான் கெடுகின்றன. தெரு முழுக்க ஏ.சி ஓடுகிற நேரத்தில் லைன் வோல்டேஜ் இறங்கும்; அதே நேரத்தில் அறையும் கொதிக்கும். எது காரணம் என்று பிரிக்க ஒரு சுலபமான வழி: கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வையுங்கள். தடுமாற்றம் நின்றால் சூடு. அப்போதும் மெஷின் நின்றுபோனால் கரண்ட் பக்கம் வாருங்கள். பழைய 600 விஏ யு.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லையை நெருங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் 12 வோல்ட் லைன் 11.4லிருந்து 12.6க்குள் இருக்க வேண்டும், மல்டிமீட்டரில் லோடு கொடுத்துப் பார்க்கலாம். மீட்டரில் சரியாக இருந்தாலும் உள்ளே கெபாசிட்டர் காய்ந்து வோல்டேஜில் சிற்றலை (நுண்ணிய ஏற்ற இறக்கம்) கூடியிருக்கலாம், அதை மீட்டர் காட்டாது. அதனால் நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு நாள் மாட்டிப் பார்ப்பதுதான் உறுதி. நான் என்னுடையதைக் கொண்டுபோய் மாட்டினேன், 4.8இல் அதே 19 வந்தது, ஆகவே அவனுடையது குற்றவாளி இல்லை. மாட்டும்போது ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் கேபிள் வைத்த மாடல் என்றால் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கும். டிஸ்க் எரிந்துபோகும். கேபிளோடு சேர்த்தே மாற்றுங்கள்.

ராம் மேல் சந்தேகம் வந்தால் மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் போதும், ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டுப் பாருங்கள். சோதிக்காமல் ராம் வாங்கிப் போடச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எனக்கே பல வருஷம் முன்னால் அப்படி ஒரு கடையில் நடந்தது. இரண்டு ஸ்டிக்குக்குக் காசு கொடுத்து வீட்டுக்கு வந்து போட்டேன், அன்று சாயங்காலமே மறுபடி நின்றது.

புது மெஷின் இவனுக்கு இப்போது தேவையில்லை. 9600கே விண்டோஸ் 11ஐ ஏற்கும், எடிட்டிங் வேலையும் நடக்கிறது. டிஃபால்ட்டிலேயே 124 வர ஆரம்பித்து, ராமும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் மாற்றிப் பார்த்தும் போகாவிட்டால், அன்றைக்கு அந்தக் காசை எடுக்கலாம்.

4.6, 1.24, எக்ஸ்.எம்.பி 3200 என்று செட் பண்ணி, முழு லோடு கொடுத்துச் சோதிக்கும் ஓ.சி.சி.டியை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஓட விட்டோம். அவன் அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இன்னும் அந்தப் பொட்டிய மூடலையா?” என்று கேட்டார். மூடவில்லை, லோடில் பிழை ஏதும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் மூடினோம். மூன்று வாரம் ஆகிறது, லாகில் 19 ஒன்றும் இல்லை. பக்கக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறான்: 4.6, 1.24, லோடு லைன் லெவல், அறை 37, ப்ராசஸர் 80, பேஸ்ட் மாற்றிய தேதி. அதற்குக் கீழே அடுத்த தடவை ஃபேனைக் கழற்ற வேண்டிய மாதம், நவம்பர்.